குண்டுமல்லி காடா வளருது, மொட்டு மட்டும் காணோம்

புதுத்துளிர் | இழை தொடக்கம்

வணக்கம். ஒரு வருஷமா இங்க படிக்கிறதோட சரி. இப்ப வேற வழியில்லாம எழுதறேன்.

மாடியில ஒரு குண்டுமல்லி இருக்கு. வாங்கி ரெண்டேகால் வருஷம். வாங்கின அன்னைக்கு ஏழெட்டு மொட்டு இருந்தது, அதைப் பார்த்துதான் ஆசைப்பட்டுத் தூக்கிட்டு வந்தேன். போன வருஷம் முழுக்க எண்ணிப் பார்த்தா இருபது பூ வந்திருக்கும். இந்த வருஷம் இதுவரைக்கும் பூஜ்யம். ஆனா செடிக்கு ஒரு குறையும் இல்லை. நெஞ்சு உயரத்துக்கு நிக்குது. இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை நீளம், கரும்பச்சை. நாலு கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியில தொங்குது. வர்றவங்க எல்லாம் "அடேயப்பா, என்ன செழிப்பு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்குத்தான் வயித்தெரிச்சல்.

நான் செய்யறது இதுதான்: தினமும் காலையில தண்ணி. பத்து நாளைக்கு ஒருமுறை புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணி. மாசம் ரெண்டு கை மண்புழு உரம். செடி வாங்கின இடத்துல குடுத்த 19:19:19 உரம் (மூணு சத்தும் சம அளவு), பதினஞ்சு நாளைக்கு ஒருதரம். போன மாசம் யாரோ சொன்னாங்கன்னு யூரியா ஒரு ஸ்பூன். 12 அங்குலத் தொட்டி. மாடின்னால முழு வெயில். கத்தரி வெச்சதே கிடையாது, வெட்ட மனசு வரலை.

இன்னும் என்ன போடணும்?

சருகு

படம் போடுங்க முதல்ல.

வீட்டுஉரம்

அக்கா, கவலையே படாதீங்க. வாழைப்பழத் தோலை மூணு நாள் தண்ணியில ஊறவெச்சு வாரம் ஒருமுறை ஊத்துங்க. கூடவே முட்டை ஓட்டுத் தூள் ஒரு கை, எப்சம் உப்பு ஒரு ஸ்பூன். பதினஞ்சே நாள். மொட்டு கொத்துக் கொத்தா வரும். நான் செஞ்சு பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

புதுத்துளிர்

நன்றிங்க. சின்ன திருத்தம், நான் அக்கா இல்லை, அண்ணன்!

மண்வெட்டி

தம்பி, நீங்க பட்டியல் போட்ட விதத்தைப் பார்த்தா செடிக்கு அஜீரணம்தான் வந்திருக்கணும். இன்னும் என்ன போடணும்னு கேக்கறீங்க. ஒண்ணும் போடக் கூடாது. நிறுத்துங்க எல்லாத்தையும்.

புண்ணாக்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். யூரியா அதுக்கு மேல தழைச்சத்து, நூத்துக்கு நாப்பத்தாறு பங்கு. மண்புழு உரத்திலும் அதேதான் கொஞ்சம். இப்படிப் போட்டா தழைதான் வரும். நீங்க வளர்க்கிறது பூச்செடி இல்லை, கீரை.

வேர்முடிச்சு

மண்வெட்டி ஐயா சொல்வது சரி, ஆனால் அது பாதிதான் என்று நினைக்கிறேன். உரத்தை நிறுத்தினாலும் பூக்காமல் இருக்க வாய்ப்பிருக்கிறது. மருந்து சொல்வதற்கு முன் ஐந்து விவரம் வேண்டும்.

ஒரு கணுவில் எத்தனை இலை? எதிரெதிராக இரண்டா, சுற்றி மூன்றா? மூன்று மூன்றாக இருந்து, பூ சின்ன ரோஜாவைப் போல இதழ் நெருங்கிய அடுக்குப் பூவாகவும் இருந்தால் அது 'கிராண்ட் டியூக்' வகையாக இருக்கலாம். அது இயல்பிலேயே மெதுவாக வளரும், குறைவாகப் பூக்கும். அதை வைத்துக்கொண்டு குண்டுமல்லியின் கணக்கை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர்? அளவுகோல் வைத்து அளந்து சொல்லுங்கள்.

மூன்றாவது, எங்காவது இலை மஞ்சளாகிறதா? ஆகிறது என்றால் நுனித் தளிரிலா, அடி இலையிலா?

நான்காவது, "முழு வெயில்" என்றீர்கள். எத்தனை மணிக்குச் செடிமேல் வெயில் விழுகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது? மாடியில் வெயில் இருப்பது வேறு, அந்தத் தொட்டியில் வெயில் விழுவது வேறு. நான்கு கொடிகள் சுவரைத் தாண்டி வெளியே போகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை எதைத் தேடிப் போகின்றன என்பதுதான் என் சந்தேகம்.

கடைசியாக, தொட்டியை வாங்கிய பிறகு மண் மாற்றினீர்களா?

வீட்டுஉரம்

ஒரு மல்லிச் செடிக்கு இவ்வளவு விசாரணையா 😄

அடுக்குமல்லி

விசாரணை வேணும்தான்பா. என்கிட்ட இருபது வருஷமா இருக்கிற செடி மூணு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காரணத்துக்காக முரண்டு பிடிச்சிருக்கு. ஒண்ணு மரநிழல்ல மாட்டிக்கிச்சு, ஒண்ணு வேர்ல புழு, இன்னொண்ணு நான் வெட்டாம விட்டுட்டேன். மூணுக்கும் ஒரே கஷாயத்தை ஊத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?

புதுத்துளிர் | இரண்டு நாள் கழித்து

விடுமுறையா இருந்ததால காலையில இருந்து மாடியிலயே உட்கார்ந்து குறிச்சேன். வெட்கமா இருக்கு.

இலை ரெண்டு ரெண்டுதான். இடைக்கணு அளந்தேன்: மேல இருக்கிற கொடிகள்ல 9, 10, ஒண்ணுல 11 செ.மீ. இலை மஞ்சள் எங்கயும் இல்லை. மண் மாத்தினதே இல்லை.

வெயில்: காலையில மாடிப்படி அறையோட நிழல் தொட்டிமேல விழுது. அது விலகினது 10:35க்கு. மதியம் 1:50க்குத் தண்ணித்தொட்டி நிழல் வந்து மூடிடுச்சு. மொத்தம் மூணேகால் மணி நேரம். ரெண்டு வருஷமா "முழு வெயில்"னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கற கொடிமேல மட்டும் சாயந்திரம் வரைக்கும் வெயில் அடிக்குது!

வேர்முடிச்சு

செடிக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

குண்டுமல்லிக்கு நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். 8 கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று மணி நேர வெயிலில் அது சாகாது, வாடாது, பச்சையாகவே இருக்கும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். இலை பெரிதாவதும் கரும்பச்சையாவதும் கணு தள்ளித் தள்ளி விழுவதும் செழிப்பின் அடையாளம் என்று தோன்றும். ஆனால் குறைந்த வெளிச்சத்தை எட்டிப் பிடிக்க அகலமான இலை, வெளிச்சம் உள்ள இடத்துக்குப் போக நீளமான தண்டு. என் செடி வெயிலில் நிற்கிறது, அதன் இடைக்கணு 4 செ.மீ. தாண்டுவதில்லை. இலையும் உங்களுடையதில் பாதிதான் இருக்கும். பார்க்க அழகில்லை. பூக்கிறது.

இதற்கு மேல் தழைச்சத்தை ஊட்டினால் அந்த நீட்டல் இன்னும் கூடும். வயலில் பயிரிடுவோருக்கான பரிந்துரையில் ஒரு செடிக்கு ஒரு வருடத்துக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 120. அதாவது தழைச்சத்து மற்ற இரண்டில் பாதி. அதையும் இரண்டாகப் பிரித்துத்தான் இடுவார்கள். அந்த அளவைத் தொட்டிக்குப் போடச் சொல்லவில்லை, போட்டால் வேர் கருகிவிடும். விகிதத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் கொடுத்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

மண்வெட்டி

நான் உரத்தைப் பார்த்தேன், நிழலைப் பார்க்கலை. ஒத்துக்கறேன்.

வீட்டுஉரம்

அதனாலதான் வாழைத்தோல்னு சொன்னேன். சாம்பல்சத்து!

வேர்முடிச்சு

நண்பரே, சண்டைக்கு இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். வாழைத்தோலில் சாம்பல்சத்து உண்டு, தண்ணீரில் கரைந்தும் வரும். ஆனால் தோலில் பெரும்பகுதி நீர். ஒரு தோலிலிருந்து அரை கிராம்கூடத் தேறாது. பொட்டாசியம் சல்பேட் உரத்தில் பாதி எடை சாம்பல்சத்து, ஒரு சின்ன ஸ்பூனில் 2 கிராமுக்கு மேல் வந்துவிடும். தோலை மக்கு உரக்குழியில் போடுங்கள், வீணாகாது. ஊறவைத்த தண்ணீருக்கு நாற்றமும் பழ ஈயும்தான் மிச்சம்.

முட்டை ஓடு சுண்ணாம்பு. மண்ணில் கரையப் பல மாதம் ஆகும். எப்சம் உப்பு மெக்னீசியம். அந்தக் குறை இருந்தால் அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புக்கு இடையில் மட்டும் மஞ்சளாகும். அவருக்கு அப்படி எதுவும் இல்லை என்கிறார். இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

வீட்டுஉரம்

ஆனா எனக்குப் பூத்துச்சே. அதுக்கு என்ன சொல்றீங்க?

அடுக்குமல்லி

உங்க செடிக்கு வெயில் எத்தனை மணி நேரம்?

வீட்டுஉரம்

காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும்.

அடுக்குமல்லி

ம்.

ஜன்னலோரம்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் இருக்கிறது பனி கொட்டுற இடம். மல்லி வருஷத்துல பாதி நாள் வீட்டுக்குள்ள ஜன்னல் பக்கத்துலதான். எனக்கும் இதே கதை, இலை மட்டும். வெளிய எப்ப வைக்கலாம்?

வேர்முடிச்சு

இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத காலம் வந்த பிறகு. வெளியே கொண்டுவந்த அன்றே கடும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே வளர்ந்த இலை பொசுங்கிவிடும். ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். குளிர்காலத்தில் பூவை எதிர்பார்க்க வேண்டாம், உயிரோடு வைத்திருந்தால் போதும். தண்ணீரையும் குறையுங்கள்.

அடுக்குமல்லி

இனி நான் சொல்றதைக் கேளுங்க தம்பி. இடம் மாத்தறது முதல் வேலை. ஆனா இந்தக் காட்டை அப்படியே தூக்கி வெயில்ல வெச்சா பூக்காது. கவாத்து செய்யணும், அதாவது கிளையை வெட்டிவிடணும்.

மல்லி பழைய கிளையில பூக்கிற செடி இல்லை. புதுசா வர்ற தளிரோட நுனியிலதான் கொத்து வைக்கும். உங்க செடியில இருக்கிறது எல்லாம் முத்தின கிளை, அதுக்கு மேல நாலு நீர்ப்போத்து, அதான் பூக்காம நீளமா ஓடற கொடி. புதுத் தளிர் எத்தனை வருதோ அத்தனை கொத்து, அவ்வளவுதான் கணக்கு. ஒரு கிளையை வெட்டினா ரெண்டு மூணு கிளைக்கும். அதனால வெட்டினா பூ குறையும்னு நினைக்காதீங்க.

வயல்ல வருஷத்துக்கு ஒருமுறை குளிர் நேரத்துல தரையில இருந்து 50 சென்டிமீட்டர் விட்டுட்டு மொத்தமா வெட்டிடுவாங்க. நீங்க மண்மட்டத்துல இருந்து ஒண்ணரை அடி விடுங்க. வெட்டறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணியைக் குறைங்க. கத்தரி கூரா இருக்கணும். கணுவுக்கு ஒரு நெல்லளவு மேல, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவா பார்த்து வெட்டுங்க. காய்ஞ்ச குச்சி, உள்பக்கம் குறுக்கே போறது, தீக்குச்சி மாதிரி ஒல்லியா இருக்கிறது எல்லாத்தையும் அடியோட எடுத்திடுங்க. மிச்சம் இருக்கிற இலையையும் உருவிடலாம், நான் உருவிடுவேன். கட்டைவிரல் தடிமன் வெட்டு இருந்தா காப்பர் ஆக்சிகுளோரைடுங்கிற பூஞ்சைக்கொல்லியைக் குழைச்சுத் தடவுங்க.

பார்க்க மொட்டைக் குச்சியா இருக்கும். முதல்முறை நானும் அழுதிருக்கேன். 

நிழல்தாங்கல்

நான் ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்டு மல்லிக்கு எட்டு வருஷமா கத்தரியே காட்டினதில்லை. தினம் ஒரு கிண்ணம் பூ. இயற்கையா விட்டாலே போதும். வெட்டு, வெட்டுன்னு எல்லாரையும் பயமுறுத்தாதீங்க.

அடுக்குமல்லி

பூ எப்படிப் பறிப்பீங்க? மொட்டை மட்டும் கிள்ளுவீங்களா?

நிழல்தாங்கல்

இல்லை, பூ முடிஞ்ச கொத்தை அப்பப்போ ஒரு ஜோடி இலையோட கிள்ளிப் போட்டுடுவேன். அம்மா பழக்கினது.

அடுக்குமல்லி

அதுக்குப் பேர் என்னன்னு நினைக்கிறீங்க? எட்டு வருஷமா தினமும் கவாத்து செஞ்சுக்கிட்டு இருக்கீங்க. கத்தரிக்குப் பதிலா நகம்.

நிழல்தாங்கல்

அட!

சருகு

இந்த இழையிலயே நான் படிச்சதுல உருப்படியான விஷயம் இதுதான்.

மண்வெட்டி

வேரைப் பத்தி யாரும் பேசலையே. ரெண்டேகால் வருஷம் 12 அங்குலத் தொட்டியில இருந்தா வேர் சுருண்டு தொட்டி வடிவத்துக்கே வந்திருக்கும். வெட்டற அன்னைக்கே தொட்டியைக் கவுத்துப் பாருங்க. கொஞ்சம் நெருக்கமா இருந்தா மல்லி நல்லாத்தான் பூக்கும், ஆனா மண்ணே இல்லாம வேரா இருந்தா தண்ணி நிக்காது. வெளிவட்டத்து வேரை ஒரு அங்குலம் சீவிட்டு 15 அங்குலத் தொட்டிக்கு மாத்துங்க. அதைவிடப் பெருசு வேணாம்.

மேல வெட்டிட்டதால இலைக்குத் தண்ணி அனுப்ப வேண்டிய வேலை வேருக்கு இருக்காது. அதனால ரெண்டையும் ஒரே நாள்ல செய்யலாம். அப்புறம் தினம் தண்ணிங்கிற பழக்கத்தை விடுங்க. விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ரெண்டு கணு ஆழத்துக்குக் காய்ஞ்சிருந்தா அடியில வழியற வரைக்கும் ஊத்துங்க. ஈரமா இருந்தா ஊத்தாதீங்க.

புதுத்துளிர் | எட்டு நாள் கழித்து

வெட்டிட்டேன். கை நடுங்கிச்சு. வீட்ல "செடி செத்துடுச்சா"ன்னு கேட்டாங்க.

கவுத்துப் பார்த்தேன், மண்வெட்டி ஐயா சொன்ன மாதிரி வேர் சுருண்டு வட்டமா பாய் பின்னின மாதிரி இருந்தது. புதுத் தொட்டிக்கு மாத்திக் கிழக்கு மூலைக்கு நகர்த்திட்டேன். அங்க காலை 7ல இருந்து 2:15 வரைக்கும் வெயில்.

வெட்டின குச்சியைத் தூக்கிப் போட மனசில்லை. என்ன செய்யலாம்?

அடுக்குமல்லி

நட்டு வைங்க. ரொம்பத் தளிரும் வேணாம், பட்டை முத்திப் பழுப்பானதும் வேணாம், நடுத்தரம். நாலு விரல் முதல் ஒரு சாண் நீளம், மூணு கணுவாவது இருக்கணும். கீழ் இலையை எடுத்துட்டு, மேல இருக்கிற ரெண்டு இலையைப் பாதியா கத்தரிச்சு, ரெண்டு கணு உள்ள போற மாதிரி மணலும் தென்னைநார்த் தூளும் கலந்ததுல சொருகுங்க. நிழல்ல வைங்க, ஈரம் காயக் கூடாது. வேர்விட நாலு முதல் ஆறு வாரம்.

கீழ்மேல் மாத்திச் சொருகிடாதீங்க. சிரிக்காதீங்க, நான் செஞ்சிருக்கேன்.

தேன்சிட்டு

குண்டுமல்லி விதை எங்க கிடைக்கும்? இணையத்துல ஒருத்தர் விதைப் பொட்டலம் விக்கிறார்.

வேர்முடிச்சு

வாங்காதீர்கள். குண்டுமல்லி விதை பிடிப்பதே அபூர்வம், அடுக்கு இதழ் வகைகளில் சுத்தமாகக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். குச்சி, பதியம், இரண்டே வழி. தாழ்ந்த கிளையை வளைத்து, நடுவில் லேசாகப் பட்டையைச் சீவி மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர்விட்ட பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். புதியவர்களுக்குக் குச்சியைவிட இதுதான் எளிது, தோல்வி குறைவு.

தேன்சிட்டு

நன்றி. இன்னொரு சந்தேகம், பவளமல்லியும் மல்லிதானே? இரண்டும் இரவில்தானே பூக்கிறது?

வேர்முடிச்சு

நல்ல கேள்வி. லின்னேயசுக்கே அந்தக் குழப்பம் இருந்தது. 1753-ல் அவர் குண்டுமல்லிக்கு 'நிக்டாந்தஸ் சம்பக்' என்று பெயர் வைத்து, பவளமல்லியின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். நிக்டாந்தஸ் என்றால் இரவுப்பூ. 1789-ல் அய்ட்டன் அதைப் பிரித்து 'ஜாஸ்மினம் சம்பக்' ஆக்கினார். இரண்டும் ஆலிவ் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் பேரினம் வேறு. பவளமல்லி மரமாகும், விதையில் வளரும்.

புதுத்துளிர் | வெட்டி 19-ஆம் நாள்

ஒண்ணுமே வரலை. வெறும் குச்சி. கொன்னுட்டேனா?

மண்வெட்டி

நகத்தால ஒரு குச்சியில பட்டையை லேசா சுரண்டிப் பாருங்க. உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா, காய்ஞ்சு இருந்தா அந்தக் குச்சி மட்டும் போச்சு, பச்சை வர்ற இடம் வரைக்கும் வெட்டுங்க. பயத்துல தண்ணி அதிகமா ஊத்தாதீங்க. இலையே இல்லாத செடி தண்ணி குடிக்காது, வேர் அழுகிடும். கவாத்து செஞ்ச செடி சாகறது பாதி இப்படித்தான்.

புதுத்துளிர்

பச்சையா இருக்கு. எல்லாத்துலயும். ரெண்டு குச்சி தவிர.

புதுத்துளிர் | வெட்டி 26-ஆம் நாள்

வந்துடுச்சு. ஒரே குச்சியில நாலு இடத்துல அரிசி முனை மாதிரி சிவப்பா எட்டிப் பார்க்குது. மொத்தம் முப்பத்தொண்ணு எண்ணினேன். இப்ப உரம் போடலாமா? (பயந்துக்கிட்டேதான் கேக்கறேன்.)

மண்வெட்டி

இப்ப போடலாம், நல்ல பிள்ளை. நல்லா மக்கின தொழு உரம் ரெண்டு கை, வேப்பம் புண்ணாக்கு ஒரு கை, எலும்புத்தூள் ரெண்டு ஸ்பூன். மேல்மண்ணைக் கிளறிக் கலந்து தண்ணி விடுங்க. பொட்டாசியம் சல்பேட் மாசம் ஒரு சின்ன ஸ்பூன், தூரை ஒட்டிப் போடாம ஓரமா. 19:19:19 மிச்சம் இருந்தா கீரைத்தொட்டிக்குப் போடுங்க.

அடுக்குமல்லி

தளிர் நாலஞ்சு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளிடுங்க. ஒண்ணு ரெண்டாகும்.

வேர்முடிச்சு

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. முப்பத்தொன்று முளை இருக்கிறது, 15 அங்குலத் தொட்டிக்கு அதுவே தாராளம். கிள்ளினால் முதல் பூ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். இரண்டேகால் வருடம் காத்திருந்தவரை இன்னும் காக்க வைக்க வேண்டுமா?

அடுக்குமல்லி

பாதியைக் கிள்ளுங்க, பாதியை விடுங்க. ரெண்டு பேருக்கும் சமாதானம்.

புதுத்துளிர் | வெட்டி 44-ஆம் நாள்

பாதியைக் கிள்ளினேன். வளர்ச்சி நல்லா இருக்கு, இடைக்கணு இப்ப 4, 5 செ.மீ.தான். ஆனா புதுப் பிரச்சினை. நுனியில வர்ற குட்டி இலைங்க வெளிறின மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடு. அடி இலை நல்லாத்தான் இருக்கு. எங்க தண்ணி கடின நீர், வாளியில வெள்ளையா படியும்.

வேர்முடிச்சு

இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முழுதும் மஞ்சளாகும். அடி இலையில் நரம்புக்கு இடையில் மட்டும் என்றால் மெக்னீசியம். இரும்பு செடிக்குள் இடம் மாறாது, அதனால் புது இலையில்தான் குறை தெரியும்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. கடின நீரை ஊற்றி ஊற்றிக் களர்த்தன்மை ஏறி, வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை. கரைத்தவுடன், சாயங்காலம், இலையில் தெளியுங்கள். பழுப்பாக மாறிவிட்ட கரைசலைத் தெளித்துப் பயனில்லை. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. தரையிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, முன்பே எச்சரித்துவிடுகிறேன். மழை பெய்தால் வாளி வைத்துப் பிடித்து அந்தத் தண்ணீரை மல்லிக்குக் கொடுங்கள்.

புதுத்துளிர்

துருக்கறை எச்சரிக்கையைத் தெளிச்ச பிறகுதான் படிச்சேன். கைப்பிடிச் சுவர் போச்சு.

புதுத்துளிர் | வெட்டி 67-ஆம் நாள்

கிள்ளாம விட்ட தளிர்ல மொட்டு! மூணு மூணா, கொத்துக்கு ஆறு, சிலதுல ஒன்பது. மொத்தம் நூத்திப் பன்னிரண்டு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் வீட்ல கூப்பிட்டாங்க.

நேத்து சாயந்திரம் முதல் பூ விரிஞ்சது. மதியமே மொட்டு நல்லா வெளுத்துப் பருத்திருந்தது. இருட்டற நேரத்துல பக்கத்துலயே நின்னேன். மணம் முதல்ல வந்துச்சு, அப்புறம்தான் விரிஞ்சிருக்கிறதைப் பார்த்தேன்.

அடுக்குமல்லி

கண்ணு வெச்சுடாதீங்க யாரும். பூ முடிஞ்ச கொத்தை நிழல்தாங்கல் மாதிரி ஒரு ஜோடி இலையோட கிள்ளிடுங்க. அடுத்த சுற்று அங்க இருந்துதான்.

வீட்டுஉரம்

வாழ்த்துகள் அண்ணே! (வாழைத்தோல் ஊத்தியிருந்தா இருநூறு வந்திருக்கும்.)

புதுத்துளிர் | வெட்டி 81-ஆம் நாள்

ரெண்டாவது தொகுதி மொட்டுல பத்துப் பதினஞ்சு ஊதாவா மாறி, அடிப்பக்கம் வீங்கி, விரியாமலே உதிருது. வயசான பூ இப்படி இளஞ்சிவப்பா ஆகறதைப் பார்த்திருக்கேன், ஆனா இது பிஞ்சு மொட்டு.

மண்வெட்டி

மொட்டு ஈ. ஒண்ணை நகத்தால பிளந்து பாருங்க, வெள்ளையா நூல் துண்டு மாதிரி புழு நெளியும். மொட்டுல ஓட்டை இருந்து, நூலால ரெண்டு மூணு மொட்டைச் சேர்த்துப் பின்னியிருந்தா அது மொட்டுத் துளைப்பான், வேற ஆள். ரெண்டுக்கும் முதல் வைத்தியம் ஒண்ணுதான்: கெட்ட மொட்டை எல்லாம் பொறுக்கிப் பையில போட்டு வாயைக் கட்டி அப்புறப்படுத்துங்க. செடி அடியில உதிரவே விடாதீங்க. இந்த ஈயோட புழு மண்ணுக்குள்ள இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அங்க இருந்து திரும்ப ஈயா மேல வரும். மேல்மண்ணை வாரம் ஒருதரம் கிளறிக் காய விடுங்க, வேப்பம் புண்ணாக்கு இன்னொரு கை கலக்குங்க. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு மொட்டு நனையற மாதிரி தெளிங்க.

புதுத்துளிர்

பிளந்து பார்த்தேன், நெளியுது. சுத்தி இருந்ததையும் சேர்த்து நாப்பது மொட்டு பறிச்சு எடுத்தேன். மனசு கேக்கலை, ஆனா கவாத்துக்கு அப்புறம் கொஞ்சம் கல்நெஞ்சம் வந்துடுச்சு.

சொல்ல மறந்துட்டேன், சொருகின பதினொரு குச்சியில நாலு வேர்விட்டிருக்கு. வராததுல ரெண்டு நான் தலைகீழா சொருகினதுன்னு நினைக்கிறேன்.

அடுக்குமல்லி

😂 வாங்க, நம்ம கட்சிக்கு.

காலைப்பனி

வணக்கம், இழையை முழுசா படிக்கலை. என் மல்லியும் பூக்கலை, மாடியில முழு வெயில்லதான் இருக்கு. என்ன உரம் போடலாம்?

புதுத்துளிர்

எத்தனை மணிக்கு நிழல் விழுதுன்னு ஒரு நாள் உட்கார்ந்து குறிச்சுட்டு வாங்க. கூடவே ஒரு ஸ்கேல் எடுத்துக்கோங்க.